பூனையா நாயா: சிப்பி வாங்கக் கடைக்குப் போனது யார்?

வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்குப் பூனைதான் தோது, நாய் சரிப்படாது என்று ஒரு கருத்து ரொம்ப நாளாகச் சுத்திக்கிட்டு இருக்கு. இதற்குச் சாட்சியாக எல்லோரும் காட்டுவது புகைப்படங்களைத்தான். டைப்ரைட்டர் பக்கத்தில் பூனை, புத்தக அலமாரி மேல் பூனை, எழுத்தாளர் மடியில் பூனை. நாய் இருக்கிற படம் என்றால் அது தோட்டத்திலோ கடற்கரையிலோ எடுத்ததாக இருக்கும். எழுதுகிற மேசை அதில் தெரியாது. உடனே பூனைக்கும் எழுத்துக்கும் ஏதோ ஆன்மிக உறவு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தப் படங்களிலிருந்து உறுதியாகத் தெரிவது ஒன்றே ஒன்று: பூனை மேசை மேல் ஏறும், லாப்ரடார் ஏறாது.

நான் நிரல் எழுதிப் பிழைக்கிறவன். 2020-லிருந்து பெரும்பாலும் வீட்டிலிருந்துதான் வேலை. ராத்திரியில் இந்த மாதிரிக் குறிப்புகள். சமையலறை ஜன்னல் வழியாக வந்து தங்கிவிட்ட ஒரு பூனை எங்கள் வீட்டில் உண்டு. தெருமுனையில் எனக்குப் பழக்கமான ரெண்டு நாய்களும் உண்டு. அதனால் இந்தக் கேள்வியில் எனக்குக் கொஞ்சம் சொந்த ஆர்வம் இருக்கு. நல்ல எழுத்தாளர்கள் இதைப் பற்றி எழுதிய பக்கங்களைத் தேடித் தேடிப் படிச்சேன். படிக்கப் படிக்க, பூனையா நாயா என்கிற கேள்விக்கு அடியில் வேறொரு கேள்வி படுத்துக் கிடப்பது தெரிஞ்சது. அந்த ஜீவனுக்குச் சாப்பாடு வாங்கி வர்றது யாரு? அதை வெளியே கூட்டிட்டுப் போறது யாரு? பூனைக் கட்சி, நாய்க் கட்சி இரண்டுமே இதைப் பேசுறதில்லை.

முதலில் பூனைக் கட்சியின் மிகச் சிறந்த வாதத்தைப் பார்த்துவிடுவோம். அது மியூரியல் ஸ்பார்க்கின் 'எ ஃபார் க்ரை ஃப்ரம் கென்சிங்டன்' (1988) நாவலில் இருக்கு. கதை நடப்பது 1950-களின் நடுவில், லண்டன் பதிப்பக உலகில். கதை சொல்லும் திருமதி ஹாக்கின்ஸ் பதிப்பகத்தில் வேலை பார்க்கிறவர். ஒரு விருந்தில் பக்கத்து நாற்காலியில் ஒரு ராணுவ பிரிகேடியர். தன் வாழ்க்கையை வைத்து ஒரு புத்தகமே எழுதலாம், ஆனால் மனசு ஒரு இடத்தில் நிற்க மாட்டேங்குது என்கிறார். ஹாக்கின்ஸ் கொடுக்கிற யோசனை: ஒரு பூனை வாங்கி வளருங்கள். நீங்கள் வேலை செய்யும் அறையில் அது உங்களோடு தனியாக இருந்தால், மேசை மேல் ஏறி விளக்கடியில் உட்கார்ந்துவிடும். அதன் அமைதி மெல்ல உங்களுக்கும் தொற்றிக்கொள்ளும். அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, அது அங்கே இருந்தால் போதும்.

நான் பார்த்த வரை, இந்தப் பகுதியை எடுத்துக்காட்டுகிறவர்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஸ்பார்க் நிறுத்தவில்லை. மூன்று வருஷம் கழித்து பிரிகேடியரின் புத்தகம் அச்சாகி வருது. அட்டையில் அவரும் பூனையும், பக்கத்தில் விளக்கு. ஹாக்கின்ஸுக்கு நன்றி சொல்லிக் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி அனுப்புகிறார். புத்தகமோ படுமட்டம், படிக்க முடியாத சலிப்பு. ஹாக்கின்ஸ் அசரவே இல்லை: கவனம் குவியப் பூனை உதவும் என்றுதான் சொன்னேன், பூனையே எழுதிக் கொடுக்கும் என்று நான் எப்போ சொன்னேன் என்கிற தொனியில் முடித்துவிடுகிறார். முழுசாகப் படித்தால், பூனைக்கும் எழுத்தின் தரத்துக்கும் முடிச்சுப் போடுகிறவர்களைத்தான் இந்தப் பகுதி கிண்டல் பண்ணுது. அதையே அந்த முடிச்சுக்கு ஆதாரமாகக் காட்டுவது நல்ல வேடிக்கை.

இதில் ஒரு பொறியாளனின் குறுக்கீடு. அந்தப் பூனை ஏன் விளக்கடிக்குப் போச்சு? 1950-களின் மேசை விளக்கு என்றால் குண்டு பல்பு. அது வாங்குகிற மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் வெப்பமாகப் போகும், மிச்சம்தான் வெளிச்சம். பூனையின் உடம்பு கூடுதல் சக்தி செலவழிக்காமல் சுகமாக இருக்கிற சுற்றுப்புற வெப்பநிலை சுமார் 30-லிருந்து 38 டிகிரி செல்சியஸ். லண்டன் அறையில் அந்தச் சூடு கிடைக்கிற ஒரே இடம் விளக்கின் அடி. பிரிகேடியர் பெற்ற அமைதிக்குக் காரணம் டங்ஸ்டன் இழையின் திறனின்மை என்று சொன்னால் ஸ்பார்க் சிரித்திருப்பார் என்றே நினைக்கிறேன். இன்னைக்கு எல்இடி விளக்கின் அடியில் குளிர்காய எதுவும் இல்லை. மேசையில் மிச்சமிருக்கிற சூடான பொருள் லேப்டாப்தான். அதனால்தான் பூனை கீபோர்டு மேல் வந்து உட்காருது. எங்கள் வீட்டுப் பூனை மே மாசம் முழுக்கக் குளியலறைத் தரையில் கிடக்கும். மழைக்காலம் வந்தால்தான் அதற்கு என் இலக்கிய முயற்சிகளில் அக்கறை பிறக்கும். ஹாக்கின்ஸின் யோசனை குளிர்நாட்டுக்கும் குண்டு பல்புக்கும் எழுதியது. சென்னைக்கு அப்படியே பொருந்தாது.

துப்பறியும் கதைகள் எழுதிய ரேமண்ட் சாண்ட்லர் தன் கறுப்புப் பாரசீகப் பூனை டாக்கியைத் தன் செயலாளர் என்று சொல்வது வழக்கம். காரணம், அவர் எந்தத் தாளில் எழுதப் போகிறாரோ, எதைத் திருத்த வேண்டுமோ, சரியாக அதன் மேல் அது உட்காருமாம். இதையும் பூனைக் கட்சியின் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். எனக்கு இது புகார் மாதிரிதான் படுது.

பூனை அமைதியானது என்பதிலும் எனக்கு சந்தேகம் உண்டு. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கேரன் மெக்காம்பும் அவர் குழுவும் 2009-ல் வெளியிட்ட ஒரு ஆய்வு: சாப்பாடு கேட்கும்போது சில பூனைகள் போடுகிற குர்ர் சத்தத்துக்குள்ளே, குழந்தை அழுகையை ஒத்த உயர்ந்த அதிர்வெண் ஒன்று ஒளிஞ்சிருக்கு. கேட்டவர்கள், பூனையே வளர்க்காதவர்கள்கூட, அது அவசரமாகவும் அவ்வளவு இனிமையில்லாமலும் இருக்கு என்றார்கள். நாய் குரைத்தால் அது நம்மைக் கலைக்குதுன்னு நமக்குத் தெரியும். பூனை கலைக்கிறதும் கலைப்புதான். அது காதுக்குச் சுகமாக வருது, அவ்வளவே வித்தியாசம்.

இப்போ சிப்பிக்கு வருவோம்.

லண்டனில் கஃப் சதுக்கம் என்று ஒரு சின்ன முற்றம். அங்கே ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சனின் வீடு இப்போ அருங்காட்சியகம். எதிரே 1997-ல் வைத்த ஒரு வெண்கலப் பூனை. பெயர் ஹாட்ஜ். ஒரு தடிமனான அகராதி மேல், சிப்பி ஓடுகளோடு உட்கார்ந்திருக்கு. எழுத்தாளனின் வீட்டுத் துணை என்ற கருத்துக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் கிடைக்காது. ஆனால் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. அகராதி வெளிவந்தது 1755. ஹாட்ஜைப் பற்றி நமக்குச் சொல்கிற பாஸ்வெல், ஜான்சனை முதன்முதலில் சந்தித்ததே 1763-ல். அதாவது பாஸ்வெல் பார்த்த ஹாட்ஜ், அகராதி வேலை முடிந்து குறைந்தது எட்டு வருஷம் கழித்து அவர் பார்த்த பூனை. சிலையில் பூனையும் அகராதியும் ஒண்ணா இருக்கு. ஆவணத்தில் அப்படி இல்லை.

ஹாட்ஜுக்கு ஜான்சன் சிப்பி வாங்கிப் போட்டார் என்பது புகழ்பெற்ற செய்தி. அந்தக் காலத்து லண்டனில் சிப்பி ஏழைகளின் சாப்பாடு, நம்ம ஊரில் பூனைக்கு மத்தி வாங்குகிற மாதிரி. விசேஷம் சிப்பியில் இல்லை. ஊரே மதித்த அந்த மனுஷர் அதை வாங்கத் தானே கடைக்குப் போனதில் இருக்கு. ஏன் போனார்? இரண்டு சாட்சிகள் இரண்டு காரணம் சொல்கிறார்கள். பாஸ்வெல் 1791-ல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் சொல்வது: வேலைக்காரர்களை அனுப்பினால் இந்தச் சிரமத்துக்காக அவர்கள் பாவம் அந்தப் பூனையை வெறுக்க ஆரம்பித்துவிடுவார்கள், அதனால். ஜான்சனுக்கு நெருங்கிய தோழியாக இருந்த ஹெஸ்டர் த்ரேல், பிற்பாடு பியோட்ஸி என்று பெயர் மாறியவர், 1786-ல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் சொல்வது வேற: ஒரு நாலுகால் பிராணிக்கு ஊழியம் செய்ய வேண்டியிருக்கே என்று ஃபிரான்சிஸின் மனம் நோகக் கூடாது, அதனால்.

அந்த ஃபிரான்சிஸ், ஃபிரான்சிஸ் பார்பர். ஜமைக்காவில் அடிமையாகப் பிறந்தவர். சிறுவனாக இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டு 1752-ல் ஜான்சன் வீட்டுக்கு வந்தார். ஜான்சன் அவரைத் தன் செலவில் பள்ளிக்கு அனுப்பினார். 1784-ல் இறந்தபோது சொத்தின் பெரும்பகுதியை அவருக்கே எழுதி வைத்தார். இந்த மூன்று தகவலையும் வைத்துப் பார்க்கும்போது த்ரேல் சொல்கிற காரணம்தான் ஜான்சனுக்குப் பொருந்துது என்பது என் கட்சி. பாஸ்வெல் சொல்கிற ஜான்சன், பூனைக்கு வரப்போகிற பகையை நினைத்துக் கவலைப்படுகிறார். த்ரேல் சொல்கிற ஜான்சன் பக்கத்து அறையில் இருக்கிற மனுஷனை நினைக்கிறார். பாஸ்வெல்லுக்குப் பூனை என்றாலே ஒவ்வாமை; அறையில் ஹாட்ஜ் இருந்தால் தனக்கு எவ்வளவு அவஸ்தை என்று அவரே எழுதுகிறார். பூனையிடமிருந்து கண்ணை எடுக்க முடியாத ஒருத்தர், அதே வீட்டில் நடமாடுகிற பார்பரை இந்தக் கதைக்குள் கொண்டுவராமல் விட்டதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் உலகம் பாஸ்வெல்லைத்தான் படிச்சது. சிலையும் பூனைக்குத்தான் வந்தது.

பூனை, நாய் இரண்டிலும் இதே கதைதான் திரும்பத் திரும்ப வருது. வர்ஜீனியா வுல்ஃப் 1933-ல் வெளியிட்ட 'ஃபிளஷ்' ஒரு நாயின் வாழ்க்கை வரலாறு. கவிஞர் எலிசபெத் பாரெட்டின் காக்கர் ஸ்பேனியல் அது. எழுத்தாளர் மேரி ரஸ்ஸல் மிட்ஃபோர்டு பரிசாகக் கொடுத்தது. வுல்ஃப் இதை எழுதியது 'தி வேவ்ஸ்' என்கிற கடினமான நாவலை முடித்த களைப்பில், ஒரு இளைப்பாறலாக. நன்றாக விற்றது. அதனாலேயே விமர்சகர்கள் பலர் இதைச் செல்லமான ஒரு குட்டிப் புத்தகம் என்று ஓரம் தள்ளிவிட்டார்கள். எனக்கு அப்படிப் படலை. நான்கு வருஷம் முன்னால் 'எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்' எழுதியவர் இவர். பெண் எழுத வேண்டுமென்றால் காசும் தனக்கென்று ஒரு அறையும் வேண்டும் என்று வாதாடியவர். எலிசபெத் பாரெட்டுக்கு இரண்டும் இருந்தது. விம்போல் தெருவில் தனி அறை, சொந்தமாகக் கொஞ்சம் பணம். அந்த அறையே சிறை. உடம்பு சரியில்லை, அப்பா வெளியே விடமாட்டார், ஜன்னலில் திரை. அந்த அறைக்குள் ஒரு நாயை விட்டால் என்ன ஆகும் என்று வுல்ஃப் பார்க்கிறார். முந்தின புத்தகத்தின் வாதத்துக்கு அவரே எழுதிய குறுக்கு விசாரணை இது.

நாய் முதலில் தோற்றுப் போகுது. புல்வெளியில் ஓடிப் பழகினது, கட்டிலடியில் கிடக்கக் கத்துக்குது. வெளி உலகத்தை அதன் மூக்கிலிருந்து பிடுங்கிவிடுகிறார்கள். எழுதுகிறவருக்குத் துணையாக இருக்கணும்னா அது நாயாக இருப்பதைக் கொஞ்சம் விட்டுத்தரணும். இந்தப் பகுதியைப் படிக்கும்போது எங்கள் அடுக்ககத்தில் ஆறாவது மாடி பால்கனியில் நாள் முழுக்க நின்றுகொண்டிருக்கும் ஒரு ஹஸ்கி ஞாபகம் வந்துச்சு. பூனைக்கு இந்த அளவு விலை இல்லை; அறைக்குள் வாழ்வது அதற்கு அவ்வளவு பெரிய இழப்பாகத் தெரியலை. பூனைக் கட்சியிலிருந்து நான் ஏற்றுக்கொள்கிற ஒரே வாதம் இதுதான். ஆனால் எழுதுகிறவருக்கு எது நல்லது என்பதற்கு அதில் பதில் இல்லை. அந்த ஜீவனுக்கு எது நல்லது என்றுதான் அது சொல்லுது. பெரும்பாலான விவாதங்களில் இந்த இரண்டையும் கலந்துவிடுகிறார்கள்.

பிறகு நாய் ஜெயிக்குது. லண்டனில் அப்போ பணக்காரர் வீட்டு நாய்களைத் திருடி, பணம் கேட்டு மிரட்டுவது ஒரு தொழில். ஃபிளஷை அப்படி மூன்று தடவை திருடினார்கள். வுல்ஃப் கதைக்காக மூன்றையும் ஒன்றாகச் சுருக்கிவிட்டு, அதைக் குறிப்பில் ஒத்துக்கொள்கிறார். மூன்றாவது திருட்டு 1846 செப்டம்பர் ஆரம்பத்தில். எலிசபெத் ராபர்ட் பிரௌனிங்கை ரகசியமாக மணந்தது அதே மாதம் 12-ஆம் தேதி. இடையில் பத்துப் பன்னிரண்டு நாள்தான். திருடர்களுக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்று அப்பா. கொள்கை அடிப்படையில் பிரௌனிங்கும் அதையே சொல்கிறார். வருஷக்கணக்கில் அறைக்குள் படுத்திருந்த பெண் ஒரு வண்டி பிடித்துக் கிழக்கு லண்டனின் திருடர் சேரிக்குத் தானே போய்விடுகிறார். நாய் திரும்பி வருது. கொஞ்ச நாளில் அவர் கணவரோடும் நாயோடும் இத்தாலிக்கே போய்விட்டார். விம்போல் தெரு அறையிலிருந்து அவரைக் கதவுக்கு வெளியே இழுத்ததில் காதலுக்குப் பங்கு உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். ஒத்திகை நாய்க்காக நடந்தது. வுல்ஃப் அதைப் பார்த்துவிட்டார். ஒரு பூனை காணாமல் போயிருந்தால் இது நடந்திருக்குமா? பூனையைத் திருடி மீட்புப் பணம் கேட்கிற தொழில் அந்த லண்டனில் இருந்ததாக நான் படித்ததில்லை.

சரி, அந்த வண்டியில் எலிசபெத்தோடு போனது யாரு? பணிப்பெண் வில்சன். ஃபிளஷைத் தினமும் தெருவில் நடத்திக் கூட்டிட்டுப் போனதும் அவர்தான். அவருடைய எஜமானியால் நடக்க முடியாதே. எழுத்தாளரின் நாய் என்று நாம் சொல்வது, நடை அளவில் பார்த்தால், வில்சனின் நாய். புத்தகத்தின் முடிவில் உள்ள குறிப்புகளில், வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் கண்ணில் படாத இந்தப் பெண்ணைப் பற்றி வுல்ஃப் நீளமாக ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். லில்லி வில்சன் என்கிறார், உண்மைப் பெயர் எலிசபெத் வில்சன். கேலி மாதிரி ஆரம்பிக்கும். போகப் போகக் கேலி குறைஞ்சு ஒரு முழு வாழ்க்கை தெரியும். என் கணக்கில் மொத்தப் புத்தகத்திலும் உச்சம் அதுதான். நாயின் வாழ்க்கையை எழுத இருநூறு பக்கம் கொடுக்கிற உலகம் வில்சனுக்கு ஒரு பின்குறிப்பு கொடுக்குது என்பதை, அந்தப் பின்குறிப்பையே எழுதிக் காட்டுகிறார்.

ஆராய்ச்சி மனப்பான்மையோடு இந்த விஷயத்தைப் பார்க்க, ஒரே எழுத்தாளரிடம் பூனையும் நாயும் இருந்த வழக்கு வேண்டும். மற்றதெல்லாம் மாறாமல், ஒன்று மட்டும் மாறணும். அப்படி ஒருத்தர் நத்சுமே சொசேகி. 1904-ல் டோக்கியோவின் செந்தாகி பகுதியில் இருந்த அவர் வீட்டுக்கு ஒரு தெருப்பூனை வந்து நுழைஞ்சுது. அவர் மனைவி கியோகோவுக்குப் பூனை பிடிக்காது. துரத்தத் துரத்தத் திரும்பி வந்தது. வீட்டுக்கு வந்துபோகும் ஒரு பாட்டி, இதன் நகம்கூடக் கறுப்பு, இது அதிர்ஷ்டப் பூனை என்று சொன்ன பிறகுதான் அதற்கு இடம் கிடைத்தது. கியோகோ தன் நினைவுக் குறிப்புகளில் சொல்லியிருப்பது இது. அடுத்த வருஷம் ஜனவரியில் 'ஹொதொதோகிசு' இதழில், பெயரில்லாத ஒரு பூனை தன் எஜமானனைப் பற்றிச் சொல்கிற கதை வந்தது. ஒரே ஒரு கதையாக நினைத்தது, வாசகர் வரவேற்பில் 1906 வரை நீண்டு 'நான் ஒரு பூனை' நாவல் ஆனது. சொசேகி அதுவரை ஆங்கில ஆசிரியர். அதற்குப் பிறகு நாவலாசிரியர். சொந்தப் பூனைக்குக் கடைசி வரை பெயர் வைக்கவே இல்லை. 1908-ல் அது செத்தபோது, கறுப்பு விளிம்பிட்ட அஞ்சலட்டையில் இரங்கல் செய்தி எழுதி மாணவர்களுக்கு அனுப்பினார்.

அந்த நாவலில் பூனை மன அமைதி தர்ற வேலையே செய்யலை. எஜமானன் படிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். வீட்டில் இருப்பவர்கள் பெரிய படிப்பாளி என்று நினைக்கிறார்கள். பூனை எட்டிப் பார்த்தால், ஆசாமி விரித்த புத்தகத்தின் மேல் எச்சில் ஒழுகத் தூங்கிக்கிட்டு இருக்கான். வீட்டிலிருந்து வேலை செய்கிற எல்லோருக்கும் சுருக்கென்று தைக்கும் இடம் இது. கதவைச் சாத்திக்கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்பது மேலாளருக்குத் தெரியாது, மனைவிக்கும் பாதிதான் தெரியும். பூனைக்கு முழுசும் தெரியும். அது ஒன்றும் சொல்லாது என்பதுதான் நமக்கு நிம்மதி. சொசேகி அதைச் சொல்ல வைத்துவிட்டார்.

இங்கே ஒரு பக்கவழி. தமிழில் எழுதுகிறவன் தன்னையே பூனை என்று சொல்லிக்கொண்ட இடம் உண்டு. கம்பன் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கியே குடித்துவிடலாம் என்று ஆசைப்பட்டுப் போன ஒரு பூனையோடு தன்னை ஒப்பிடுகிறான். மாணிக்கவாசகரோ திருவாசகம் முழுக்கத் தன்னை நாய் என்கிறார், நாயைவிடக் கீழ் என்கிறார். பக்தனுக்கு நாய், காவியம் எழுத ஆசைப்பட்டவனுக்குப் பூனை. நாய் உவமையில் எதிரே ஒரு எஜமான் இருந்தே ஆகணும். பூனை உவமையில் எதிரே பால் மட்டும்தான் இருக்கு. கம்பன் பணிவு காட்டத்தான் அதைச் சொன்னான் என்றாலும், அந்தப் பேராசையும் அதில் தெரியாமல் இல்லை.

சொசேகியின் நாய்க்கு வருவோம். அதற்குப் பெயர் உண்டு: ஹெக்டர், ஹோமரின் காவியத்து ட்ராய் வீரன். 1915-ல் ஆசாஹி நாளிதழில் அவர் தொடராக எழுதிய 'கண்ணாடிக் கதவுக்குள்' கட்டுரைகளில் அதன் கதை வருது. இதற்குள் அவருக்கு வயிற்றுப்புண் முற்றி, அடிக்கடி படுக்கை. ஒரு தடவை நோயில் கிடந்து எழுந்தபோது, தோட்டத்து வேலியோரம் நாயைப் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். அது அசையலை. அடையாளம் தெரிஞ்ச மாதிரியே காட்டலை. கொஞ்ச நாளில் அது வேறொரு வீட்டுக் குளத்தில் செத்து மிதக்குது. கழுத்துப்பட்டையை வைத்துத்தான் யார் வீட்டு நாய் என்று கண்டுபிடித்து அந்த வீட்டு வேலைக்காரப் பெண் வந்து சொல்கிறாள். அவர் அதைக் கொண்டுவரச் செய்து, பூனையைப் புதைத்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் புதைக்கிறார், மரப்பலகையில் ஒரு ஹைக்கூ எழுதி வைக்கிறார். தன் அறையின் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் இரண்டு பலகையும் தெரியும். பூனையுடையது கறுத்து மக்க ஆரம்பிச்சிடுச்சு, நாயுடையது இன்னும் புதுசாகப் பளிச்சென்று இருக்கு. சீக்கிரமே இரண்டும் ஒரே நிறமாகிக் கண்ணில் படாமல் போய்விடும் என்கிறார். அடுத்த வருஷம் டிசம்பரில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

விசுவாசத்தைப் பற்றிய வழக்கமான நாய்க் கதைகளை இதன் பக்கத்தில் வைத்தால் அவை பொம்மை மாதிரி ஆகிவிடும். நாய் எஜமானை மறக்கவே மறக்காது என்கிற நம்பிக்கைக்கு நேர் எதிரான ஒரு கணத்தை எழுதிவிட்டு, அதற்காக நாயைக் குறை சொல்லாமல் விட்டிருக்கிறார். அந்த நாயை வெளியே அழைத்துப் போகிறவராக அவர் இருந்ததில்லை; அவர் இருந்தது கண்ணாடிக் கதவுக்குள்ளே. பூனை அந்தக் கதவுக்கு உள்ளே வந்து நாவலாச்சு. நாய் வெளியே இருந்து, அவருக்குத் தெரியாத ஒரு வீட்டுக் குளத்தில் போய் முடிஞ்சுது. இரண்டில் எது நல்ல எழுத்து என்று கேட்டால் நான் ஹெக்டர் பக்கங்களைத்தான் சொல்வேன். நாவலில் பூனை சொசேகியின் குரலில் பேசுது. ஹெக்டர் பேசலை; அதனால் அவருக்கு அது பிடிபடவும் இல்லை. பிடிபடாததை அப்படியே விட்டு எழுதியதுதான் அந்தப் பக்கங்களின் பலம்.

நாயின் பக்கம் நின்று பேசுகிறவர்கள் எப்போதும் சொல்கிற வாதம் நடை. நாய் இருந்தால் நடந்தே ஆகணும், நடந்தால் யோசனை வரும். இதற்கு ஆய்வுத் துணையும் உண்டு. ஸ்டான்ஃபோர்டில் ஒப்பெஸோ, ஷ்வார்ட்ஸ் இருவரும் 2014-ல் வெளியிட்ட பரிசோதனைகளில், உட்கார்ந்திருந்ததைவிட நடந்தபோது புதுப் புது யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடின. ஆனால் இதை எடுத்துக்காட்டுகிறவர்கள் விட்டுவிடுகிற இரண்டு தகவல் அதிலேயே இருக்கு. வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டு ட்ரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் வந்தது. அப்போ தோட்டம், காற்று, நாய் எதுவும் கட்டாயமில்லை. இரண்டாவது, ஒரே சரியான விடையைக் கண்டுபிடிக்க வேண்டிய வகைக் கேள்விகளில் நடை உதவலை, மதிப்பெண் லேசாக இறங்கவும் செய்தது. முதல் வரைவுக்கு நாய், பிழைதிருத்தத்துக்குப் பூனை என்று யாராவது இதை வைத்துப் புத்தகமே எழுதிவிடலாம். நான் எழுதப் போவதில்லை.

ஜான் ஸ்டெய்ன்பெக் கதையைச் சொல்லாமல் விட்டால் நாய்க்காரர்கள் கோவிச்சுக்குவாங்க. 1936-ல் அவருடைய நாய்க்குட்டி டோபி, 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' கையெழுத்துப் பிரதியில் ஏறக்குறைய பாதியைக் கடித்துக் குதறிவிட்டது. வேற பிரதி இல்லை, இரண்டு மாத உழைப்பு போச்சு. திரும்ப எழுதினார், புத்தகம் 1937-ல் வந்தது. நாய் நல்ல விமர்சகன் என்று இதைச் சிரிப்பாகச் சொல்வார்கள். எனக்கு இதில் தெரிவது பேக்கப் இல்லாத ஒரு எழுத்தாளர், அவ்வளவுதான். வால்டர் ஸ்காட் வீட்டில் இரண்டு கட்சியும் ஒரே கூரையில் வாழ்ந்தது. ஹின்ஸே என்ற அவருடைய பூனை வேட்டைநாய்களை வருஷக்கணக்கில் அடக்கி ஆண்டுவிட்டு, கடைசியில் நிம்ராட் என்ற நாயின் வாயில் செத்தது. எடின்பரோவின் ஸ்காட் நினைவுமண்டபத்தில் சிலையாக அவர் காலடியில் இருப்பது மைடா என்கிற நாய். அங்கே பூனைக்கு இடம் இல்லை.

எங்கள் வீட்டில் பூனைக்கு மீன் வாங்குவது என் மனைவி, முள் எடுத்துப் போடுவது என் மாமியார். நான் மீட்டிங்கில் இருக்கும்போது அது கேமரா முன்னால் வால் காட்டிக்கொண்டு நடக்கும். அலுவலகத்தில் அதை என் பூனை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

'ஃபிளஷ்' படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். கதை முடிஞ்சதும் மூடி வைச்சுடாதீங்க. வாங்குகிற பதிப்பில் கடைசிக் குறிப்புகள் இருக்கான்னு முதல்லேயே புரட்டிப் பாருங்க. வில்சன் இருப்பது அங்கேதான்.